விக்கிரவாண்டியில் ஒரு ராணி காலத்து பங்களா

வீட்டு பிளான் போடற தொழில்ல யாரும் வீடு கேட்டு வர்றதில்ல. வேற யாரோ எங்கயோ கட்டின வீட்டு போட்டோவைத் தூக்கிக்கினுதான் வர்றாங்க.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, ஸ்வீட் கடை மாடியில என் ஆபீஸ். கீழ ஜாங்கிரி சுத்துவாங்க, மேல நான் தலை சுத்தி உக்காந்திருப்பேன். வீடு கட்டினவங்க, கட்டிக்கினு பாதியில நிக்கறவங்க, என்னை மாதிரி கட்டிக் கொடுத்து மாட்டிக்கினவங்க, நாம எல்லாரும் ஒரே வார்டுல பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்கற நோயாளிங்கதான். அதனால என் கதைய உங்ககிட்டத்தான் சொல்லணும். ஒரே ஒரு வீட்டுக் கதைதான். அதுக்கே மூச்சு வாங்குது.

போன்ல வந்த பங்களா

வெயில் ஆரம்பிக்கிற சமயம், ஸ்டெல்லா சிஸ்டரும் அவங்க வீட்டுக்காரர் சவரிமுத்து அண்ணனும் ஆபீஸ் படியேறி வந்தாங்க. சிஸ்டர் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க. என் பையன் பொறந்தப்ப, "கத்தினா புள்ள வந்துருமா? வாய மூடிக்கினு முக்கு"ன்னு என்னை அதட்டினவங்களே அவங்கதான். அதனால இஞ்சினியர், லைசென்ஸ், சீல் எல்லாம் இருந்தாலும் அவங்க முன்னாடி நான் கொஞ்சம் அடங்கித்தான் பேசுவேன். அண்ணன் பஸ் கண்டக்டரா இருந்தவரு. பேசறது குறைச்சல். பேசினா சிரிக்காம பேசுவாரு, நாமதான் அப்புறம் சிரிக்கணும்.

சிஸ்டர் போனை நீட்டினாங்க. மலை மாதிரி ஒரு கல் வீடு. சுவரு எங்கன்னு தேடிக் கண்டுபிடிக்கணும், அத்தனை ஜன்னல். "எங்க ஜெனி லீவுல சுத்திப் பாக்கப் போன எடமாம், இங்கிலாந்துல. இதே மாதிரி ஒண்ணு விக்கிரவாண்டியில போடணும்"னாங்க. ஜெனி அவங்க ஒரே பொண்ணு, அங்க நர்ஸ் வேலை. அங்கயே ஒரு வெள்ளைக்காரப் பையனைப் பிடிச்சுப் போய், அடுத்த வருஷம் விழுப்புரத்துல வெச்சு கல்யாணம். பையனோட அப்பா அம்மா கல்யாணத்துக்கு வர்றாங்க. ஆனா தங்கறதுக்கு புதுச்சேரியில ஓட்டல் ரூம் பாத்துட்டாங்களாம். சிஸ்டருக்கு அதுதான் பொறுக்கல. சம்பந்தி என் வீட்லதான் தங்கணும், தங்கற மாதிரி ஒரு வீட்டை நீ போடணும், முடிஞ்சுது கதை.

அன்னைக்கு சாயந்திரம் உக்காந்து அந்த மாதிரி வீடுங்களைப் பத்திப் படிச்சேன். நானூறு வருஷத்துக்கு மேல பழசு. நமக்குத் தெரிஞ்ச எலிசபெத் ராணி இல்ல, அவங்களுக்கு ரொம்ப முந்தி அதே பேர்ல இன்னொரு ராணி. கோடை வந்தா அந்தம்மா பரிவாரத்தோட ஊர் ஊரா கிளம்பிடுவாங்களாம். நம்ம வீட்லயும் வந்து தங்குவாங்கன்னு நம்பி, பெரிய மனுஷங்கல்லாம் சொத்தைக் கரைச்சு, அதுவரைக்கும் யாரும் பாக்காத புதுப் புது மாதிரியில வீடு கட்டினாங்களாம். சில வீட்டுப் பக்கம் ராணி கடைசி வரைக்கும் எட்டிக்கூடப் பாக்கலையாம். மறுநாள் இதைச் சொன்னா சிஸ்டர் யோசிப்பாங்கன்னு நினைச்சேன். யோசிக்கத்தான் செஞ்சாங்க. அப்புறம் சொன்னாங்க: "அப்ப எனக்குப் புடிச்சது புதுப் பைத்தியம் இல்ல, நானூறு வருஷத்துப் பைத்தியம். நீ பிளானைப் போடு."

நாலு மணி வெயில்

அந்த ராணிக்கு முன்னாடி இங்கிலாந்துல பெரிய வீடுன்னா கோட்டை மாதிரியாம். வெளிய மொட்டைச் சுவரு, உள்ள முற்றம், ஜன்னலெல்லாம் முற்றத்தைப் பாத்துக்கினு. இந்த ராணி காலத்துலதான் வீடு திரும்பி நின்னு வெளிய முகத்தைக் காட்டுச்சு. கண்ணாடி அப்ப கிடைக்கறதே கஷ்டம். அதனால யாரு வீட்ல அதிகக் கண்ணாடியோ அவங்கதான் பெரிய ஆளு. ஆளுயர ஜன்னல், அது மேல இன்னொரு ஆளுயர ஜன்னல். அவங்களுக்கு வருஷத்துல பாதி நாள் மேகமூட்டம், ஜன்னலைத் திறந்து வெச்சு சூரியனுக்காகக் காத்துக்கினு இருக்கலாம். சிஸ்டரோட மனை மேற்குப் பாத்த மனை. விக்கிரவாண்டி வெயில் யாரும் கூப்பிடாமலே வரும்.

"சிஸ்டர், கண்ணாடிய வடக்குப் பக்கம் வைக்கறேன்"னு கெஞ்சினேன். "வடக்குல கரும்புதான் நிக்குது. கரும்பா வந்து என் வூட்டைப் பாக்கப் போவுது?"ன்னாங்க. சரி, சன்ஷேடாவது அகலமா போடலாம்னா, போட்டோவுல சன்ஷேடு இல்லையேன்னு அதுக்கும் பிடிவாதம். வேற வழி இல்லாம, சிமெண்ட் மூட்டை போட்டிருந்த தகர ஷெட்டுல மேற்குப் பக்கத் தகரத்தைக் கழட்டிட்டு ஒரு பெரிய கண்ணாடிய நிறுத்தினேன். ஏழுமலை மேஸ்திரிய நாலு மணிக்கு உள்ள உக்கார வெச்சேன். டீ குடிக்கற நேரம்தான், மனுஷன் குளிச்சு எழுந்த மாதிரி வெளிய வந்தாரு. சிஸ்டர் அவரு நாடியப் பிடிச்சுப் பாத்துட்டு, சன்ஷேடு போட்டுக்கோன்னு எனக்கு அனுமதி குடுத்தாங்க. மேஸ்திரி துண்டால முகத்தைத் தொடைச்சிக்கினே சொன்னாரு: "சம்பந்திங்க தங்கறது கஷ்டம் மேடம். ஆனா ஈர மல்லாட்டையக் கொட்டினா கடலை நல்லா காஞ்சிரும்."

மறந்து போன மாடிப்படி

அந்த வீடுங்கள்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது மாடிப்படி. அதுக்கு முன்னாடி படின்னா எங்கயோ ஒரு மூலையில, கிணத்துக்குள்ள இறங்கற மாதிரி சுத்திச் சுத்தி ஏறற கல்படி. இவங்கதான் அதை நடு வீட்டுக்குக் கொண்டாந்து, அகலமா, மரத்துல, நின்னு நிதானமா திரும்பித் திரும்பி ஏறற மாதிரி செஞ்சாங்க. ராணி இறங்கி வர்றதை எல்லாரும் பாக்கணும் இல்ல. நானும் ஆசை ஆசையா அப்படி ஒண்ணு வரைஞ்சேன். ஜெனி கல்யாணப் புடவையில அந்தப் படியில இறங்கி வர்ற மாதிரி எனக்கு நானே ஒரு படம்கூட ஓட்டிப் பாத்துக்கினேன்.

ஆனா நம்ம பக்கத்துல படின்னா வீட்டுக்கு வெளிய. மாடிய வாடகைக்கு விட்டா, குடியிருக்கறவங்க நம்ம ஹால் வழியா போய் வர முடியுமா? மேஸ்திரி வாழ்க்கையில கட்டின வீடெல்லாம் அப்படித்தான். எனக்கு காய்ச்சல் வந்து கொஞ்ச நாள் சைட்டுக்குப் போகல. எழுந்து போய்ப் பாத்தா, வடக்குப் பக்கம் வெளிப்படிக்கு தூண் எழும்பி ஜம்முனு நிக்குது. ஹால்ல படிக்கு விட்ட இடத்தை மூடி தளம் போட கம்பி கட்டிக்கினு இருக்காங்க. "இது பிளான்ல எங்கய்யா இருக்கு?"ன்னு கத்தினேன். "நீங்க மறந்துட்டீங்கன்னு நானே போட்டேன் மேடம்"னாரு, என்னமோ எனக்கு உபகாரம் பண்ணின மாதிரி.

அதுக்குள்ள சிஸ்டர் வந்துட்டாங்க. மேஸ்திரி அவங்ககிட்ட நியாயம் கேட்டாரு. வாடகைக்கு விடலன்னா அவ்ளோ பெரிய மாடியில யாரு இருக்கப் போறாங்க, நீங்க ரெண்டே பேருன்னாரு. தப்பா ஒண்ணும் கேக்கல, பாவம். சிஸ்டர் அந்தத் தூணை மேலயும் கீழயும் பாத்தாங்க. "விருந்தாளிங்க இருப்பாங்க. என் வூட்டுக்கு யாரும் வந்து தங்க மாட்டாங்கன்னு நீயே முடிவு பண்ணிட்டியா ஏழுமலை? இடிச்சிடு."

ரெண்டு கன்னமும் ஒண்ணு

முகப்புக்கு நடுவுல ஒரு கோடு கிழிச்சா இடதும் வலதும் அச்சா ஒண்ணா இருக்கணும். இதுவும் அப்ப புதுசுதான். வாசல் மண்டபம் நடுவுல கொஞ்சம் முன்னாடி, ரெண்டு ஓரமும் கை நீட்டின மாதிரி இன்னும் கொஞ்சம் முன்னாடி. மேல இருந்து பாத்தா இங்கிலீஷ் எழுத்து 'E' மாதிரி தெரியும். ராணி பேரோட முதல் எழுத்துன்னு சொல்றவங்களும் உண்டு. இதைக் கேட்டுட்டு சவரிமுத்து அண்ணன், "எங்க வூட்டம்மா பேருக்கு 'S' போடணும்மா. கட்டில் வளைஞ்சி வருமா?"ன்னு கேட்டாரு.

வெளிய ஒண்ணா வரைஞ்சிடலாம். உள்ள என்ன பண்றது? இடது ஓரத்துல பெரிய படுக்கையறை, அதுக்கு ஆளுயர ஜன்னல். வலது ஓரத்துல அதே இடத்துல வந்து விழுந்தது பாத்ரூம். அதுக்கும் அதே ஆளுயர ஜன்னல் வெச்சாத்தான் முகம் கோணாது. அந்தக் காலத்துலயும் இந்தத் தொல்லை இருந்திருக்கு. சில வீட்ல ஜன்னலுக்குப் பின்னாடி வெறும் சுவருதானாம். நானும் அப்படியே, வெளிய கண்ணாடி, பின்னால சுவருன்னு தனித் தாள்ல வரைஞ்சு குடுத்தேன். மாடிப்படியில வாங்கிக் கட்டிக்கினதுலேருந்து மேஸ்திரி ஒரு சபதம் எடுத்திருந்தாரு, முகப்புத் தாள்ல இருக்கறதுக்கு மேல ஒரு செங்கல் வைக்க மாட்டேன்னு. முகப்புத் தாள்ல ஜன்னல் இருந்துச்சு, ஜன்னல் வெச்சாரு. சுவரு வேற தாள்ல இருந்துச்சு, அதை அவரு தொடவே இல்ல. மறுநாளே சுவரு எழுப்ப வெச்சேன், அது வேற விஷயம். அதுக்கு முன்னாடி சவரிமுத்து அண்ணன் பாத்ரூம் உள்ள போய், குளிக்கற இடத்துல நின்னு, கண்ணாடி வழியா கொஞ்ச நேரம் பாத்துட்டு வந்து சொன்னாரு: "டோல்கேட்டுல எந்த வண்டி நிக்குதுன்னு பளிச்சுனு தெரியுதும்மா. அப்ப அவங்களுக்கும் நான் தெரிவேன் இல்ல?"

டிவிக்கு ஒரு சுவரு

கண்ணாடி வேணும் கண்ணாடி வேணும்னு கேக்கறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லி வைக்கறேன். சுவரு இல்லாத வீட்ல எதையும் மாட்ட முடியாது. டிவி, காலண்டர், கடிகாரம், மாதா படம், ஜெனி பட்டம் வாங்கின போட்டோ எல்லாத்தையும் கீழ அடுக்கி வெச்சுக்கினு, சவரிமுத்து அண்ணன் கையில சுத்தியல் ஆணியோட ஹாலை வலம் வந்தாரு. மேற்குல ஜன்னல், தெற்குல ஜன்னல், வடக்குல மாடிப்படி. மிச்சம் இருந்த ஒரே சுவத்துல சிஸ்டர் மாதா படத்தை மாட்டிட்டாங்க, அதுக்குப் பக்கத்துல டிவி கூடாதுன்னுட்டாங்க. கடைசியில டிவி மாடிப்படிக்கு அடியில போச்சு. அண்ணன் நாற்காலிய அங்க இழுத்துப் போட்டு, குனிஞ்சு உள்ள போய் உக்காந்து, தலைய மட்டும் வெளிய நீட்டிச் சொன்னாரு: "ராணி வந்தா சொல்லும்மா, எழுந்து வர்றேன்."

பின்வாசல்

இது பிளான் வரைஞ்சுக்கினு இருந்தப்பவே நடந்தது. அந்த மாதிரி பெரிய வீடுங்கள்ல வேலை செய்யறவங்க போக வர தனி வழி வெச்சிருந்தாங்கன்னு எங்கயோ படிச்சேன். நல்ல யோசனையாத்தான் பட்டுச்சு. கேஸ் சிலிண்டர், மளிகை, பாத்திரம் கழுவ வர்றவங்க எல்லாம் அந்தப் பக்கமா வந்து போகட்டும்னு கிச்சனுக்குப் பின்னால ஒரு சின்ன வாசல் பென்சில்ல போட்டேன். சிஸ்டர் வந்து தாளை விரிச்சாங்க, நேரா அந்த இடத்துல விரலை வெச்சாங்க. "இது வேணாம்." நான் விடாம, பின்வாசல் இல்லாத கிச்சன் உண்டா, மீன் கழுவின தண்ணிய எங்க ஊத்துவீங்க, அது இதுன்னு பேசிக்கினே போனேன்.

அப்பதான் சொன்னாங்க. அவங்க அம்மா திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஒரு பண்ணைக்காரர் வீட்ல வேலை செஞ்சவங்க. சின்னப் பொண்ணா இவங்களும் கூடவே போவாங்களாம். அந்த வீட்டுக்கு முன்பக்கம் எப்படி இருக்கும்னு இவங்களுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. பின்வாசல் படிதான் தெரியும், அங்கதான் கூழு ஊத்துவாங்க. படிச்சு, நர்ஸாகி, ஊரே சிஸ்டர் சிஸ்டர்னு கூப்பிட்ட அப்புறமும், வீட்டுக்குக் கூப்பிட்டா வர்றவங்க வாசல்ல நின்னு சிரிச்சுப் பேசிட்டு, இன்னைக்கு விரதம், இப்பத்தான் சாப்ட்டேன்னு தண்ணிகூடத் தொடாம நழுவிடுவாங்களாம். கிறிஸ்மஸ் கேக்கை பையில வாங்கிக்கினு போவாங்க. திங்கறாங்களா, போற வழியில போடறாங்களான்னு போய்ப் பாக்கவா முடியும்?

எனக்குக் கோபம்தான் வந்துச்சு. நான் பொறந்த தெருவுலயும் அப்படி நழுவினவங்க இருக்காங்க, எனக்குத் தெரியாதா என்ன. ரப்பரை எடுத்து அந்த வாசலை அழிச்சேன். சிஸ்டர் மூக்குக்கண்ணாடியக் கழட்டி முந்தானையில தொடைச்சிக்கினே சொன்னாங்க: "வந்து பாத்துட்டுப் போறதுக்கு ஊர்ல ஆளு இருக்குது. என் வூட்ல ஒருத்தரு ராத்திரி படுத்துத் தூங்கி எழுந்திரிக்கணும். அதுக்குத்தான் இந்த வூடு. கேஸ்காரன் முன்வாசல்லயே வரட்டும்."

மாடியில ஒரு வார்டு

மாடியில இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே நீள ஹால். இங்கிலாந்துல மழையும் குளிருமா இருக்கறப்ப வீட்டுக்காரங்க உள்ளயே நடந்துக்கறதுக்காகக் கட்டினது. சிஸ்டருக்கு சர்க்கரை, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு. ஹைவே ஓரம் நடந்தா கரும்பு லாரி உரசிக்கினு போகுது. அதனால இந்த ஒரு விஷயம் மட்டும் சண்டை இல்லாம பாஸ் ஆச்சு. பூச்சு காஞ்சதும் சிஸ்டர் நடந்து பாத்தாங்க. நாலு எட்டு வெச்சு இந்தப் பக்கம் திரும்பி ஒரு பார்வை, நாலு எட்டு வெச்சு அந்தப் பக்கம் ஒரு பார்வை. ஆளே இல்லாத ஹால்ல ரவுண்ட்ஸ் போறாங்க!

அதோட விட்டாங்களா? கல்யாணத்துக்கு வர்ற ஜனம் படுக்கட்டும்னு சுவரோரமா வரிசையா இரும்புக் கட்டில் போட்டு, வெள்ளை விரிப்பை நாலு மூலையும் மடிச்சு இழுத்துக் கட்டி, தலைமாட்டுக்கு ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல தண்ணி ஜக்கு. சம்பந்திக்கு மட்டும் அதுக்குப் பக்கத்துல தனி ரூம், புதுக் கட்டில், புது மெத்தை. ஒரு நாள் அவங்ககூட ரொம்ப வருஷம் வேலை பாத்த வசந்தா சிஸ்டர் வீடு பாக்க வந்தாங்க. மேல கீழ எல்லாம் சுத்தினாங்க. காபி போடறேன்னதுக்கு, வீட்ல ஆள் காத்துக்கினு இருக்குன்னு வாட்சைப் பாத்தாங்க. நானும் சிஸ்டரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கல. கிளம்பற அவசரத்துலயும் அந்த நீள ஹாலை இன்னொரு தடவை திரும்பிப் பாத்து வசந்தா சிஸ்டர் சொன்னாங்க: "எல்லாம் சரி ஸ்டெல்லா, டூட்டி டேபிளை எங்க போடப் போற?"

மொட்டை மாடிக் கோபுரம்

போட்டோவுல மொட்டை மாடியில நாலு மூலைக்கும் சின்னச் சின்ன கோபுரம் இருந்துச்சு. சாப்பிட்டு முடிச்சு மேல ஏறி, அதுக்குள்ள உக்காந்து காத்தாட இனிப்பு சாப்பிடுவாங்களாம், அதுக்கு ஒரு ரூம். கொடுத்து வெச்ச ஜனங்க. நான் அதுல ஒண்ணுக்குள்ள தண்ணி டேங்கை வெச்சு மறைச்சேன், இன்னொண்ணுல துணி துவைக்கற மெஷினை வெச்சேன். மேஸ்திரி தன் பங்குக்கு, கண்ணு பட்டுறப் போவுதுன்னு முன்பக்கக் கோபுரத்துல ஒரு பூசணிக்காயைக் கட்டி அதுக்கு மீசை வரைஞ்சு விட்டாரு. வீட்டை மந்திரிக்க வந்த ஃபாதர் அதை அண்ணாந்து பாத்துட்டு, வாசல் மேல இருந்த சிலுவைக்கும் அதுக்கும் நடுவுல எங்க நிக்கறதுன்னு யோசிச்சு, கொஞ்சம் தள்ளி நின்னு ஜெபம் பண்ணினாரு.

அன்னைக்கு நான் திரும்பிப் போக டவுன் பஸ்ஸுல ஏறினேன். அந்த இடத்துல ஸ்டாப்பிங்கே கிடையாது, பஸ் தானா நின்னுச்சு. கண்டக்டர் பையைத் தட்டிக்கினே உள்ள பாத்துக் குரல் குடுத்தாரு: "கண்ணாடி பங்களாலாம் எறங்கு, ஜல்தி ஜல்தி."

தொந்தரவு

கல்யாணத்துக்கு எல்லாரும் கிளம்பி வர்றதுக்கு முந்தின வாரம் ஜெனி போன் பண்ணினா. நான் அப்ப அங்கதான் இருந்தேன், சிஸ்டர் ஸ்பீக்கர்ல போட்டாங்க. மாமாவும் அத்தையும் ஏர்போர்ட்ல இருந்து நேரா வீட்டுக்கு வருவாங்களாம், மத்தியானம் சாப்பிடுவாங்களாம், அப்புறம் புதுச்சேரி ஓட்டலுக்குப் போயிடுவாங்களாம். "நம்ம வூட்லயே ரூம் இருக்குதுன்னு சொன்னேம்மா. உங்களுக்கு எதுக்கு தொந்தரவுன்னு சொல்றாங்க"ன்னா. சிஸ்டர் சரிம்மா, சரிம்மான்னு கேட்டுட்டு போனை வெச்சாங்க. சவரிமுத்து அண்ணன் டிவி சத்தத்தைக் குறைச்சாரு. நான் ஏதாவது சமாதானம் சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். சிஸ்டர் என்னைப் பேசவே விடல: "விரதம்னு சொன்னாலும் சரி, தொந்தரவுன்னு சொன்னாலும் சரி. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது."

கேட்டுக்கு அந்தாண்ட

அவங்க வர்ற அன்னைக்கு நீயும் இருன்னு சிஸ்டர் சொல்லிட்டாங்க. நானும் பட்டுப் புடவை கட்டிக்கினு போய் ஹால்ல உக்காந்தேன். ஏதோ பரீட்சை எழுதிட்டு ரிசல்டுக்கு நிக்கற மாதிரி எனக்கு. சவரிமுத்து அண்ணன் கோட்டு போட்டுக்கினு வேர்த்து ஊத்திக்கினு இருந்தாரு. எங்க மனசுல, கோட்டு சூட்டு, தொப்பி, கைத்தடியோட ஒரு துரை இறங்குவாருன்னு. கார் வந்து நின்னுச்சு. அரை டிராயர் போட்ட ஒரு பெரியவரும், வெயில்ல மூக்கு செவந்து போன ஒரு சின்ன அம்மாவும் இறங்கினாங்க, பின்னாலயே ஜெனி. பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவருன்னு ஜெனி முன்னாடியே சொல்லியிருந்தா. நாங்கதான் அதை மனசுல ஏத்திக்கல.

அண்ணன் ஓடிப் போய் கேட்டைத் திறந்தாரு. சிஸ்டர் சந்தனம், குங்குமம், மாலை வெச்ச தட்டோட வாசல்ல நின்னாங்க. பெரியவரு உள்ள வரல. கேட்டுக்கு அந்தாண்டயே நின்னு ஜன்னல் ஜன்னலா அண்ணாந்து பாத்தாரு. அந்தம்மா வாயில கைய வெச்சுக்கினாங்க. ரெண்டு பேரும் ஏதோ மெதுவா பேசிக்கினாங்க. கேட்டு திறந்தே இருக்கு, ஒரு அடி எடுத்து வைக்கல. நான் எழுந்து சிஸ்டர் பக்கத்துல போய் நின்னேன். "பாத்தியா, இவங்களும் வாசலோட நின்னுட்டாங்க"ன்னு எனக்கு மட்டும் கேக்கற மாதிரி சொன்னாங்க. அந்தக் குரலை ஆஸ்பத்திரியில ஒரு நாளும் நான் கேட்டதில்ல.

அப்ப பெரியவரு ஜெனிகிட்ட ஏதோ கேட்டாரு. அவ சிரிச்சா. சிரிச்சிட்டு, கண்ணைத் தொடைச்சிக்கினு எங்க பக்கம் திரும்பிச் சொன்னா: "அம்மா, அவங்க ஊர்ல இந்த மாதிரி வூட்டைப் பாக்கணும்னா டிக்கெட் வாங்கிக்கினுதான் போவாங்க. உள்ள கயிறு கட்டியிருக்கும். கயித்துக்கு இந்தாண்ட நின்னு பாத்துட்டு வந்துடணும், நாற்காலியில உக்காந்தா திட்டு விழும். இத்தனை வயசுக்கு இப்படி ஒரு வூட்டுக்கு யாரும் அவரை வான்னு கூப்பிட்டதில்லையாம். இங்க எது வரைக்கும் உள்ள வரலாம்னு கேக்கறாரும்மா." சிஸ்டர் தட்டை என் கையில திணிச்சாங்க. விடுவிடுன்னு கேட்டுக்கு வெளிய போய் அந்தம்மா கைய ஒரு கையில, பெரியவரு கைய ஒரு கையில பிடிச்சாங்க. "சொல்லுடி அவருக்கு. நம்ம வூட்ல கயிறு துணி காயப் போட மட்டும்தான். மேல ரூமு ரெடியா இருக்குது, டிக்கியில இருக்கற பெட்டியெல்லாம் எறக்கச் சொல்லு."

புதுச்சேரி ஓட்டல் ரூம் கடைசி வரைக்கும் காலியாவே கிடந்துச்சு. சம்பந்திங்க ஊருக்குப் போன அப்புறமும் அந்த வீட்ல ஆளுங்க வந்து தங்கறது நிக்கவே இல்ல, வசந்தா சிஸ்டர்கூட ராத்திரி தங்கிட்டுப் போறாங்க. அவங்கல்லாம் செருப்பு விட வாசல்ல இடமே வைக்காம என்ன பெரிய பிளான் போட்டன்னு சவரிமுத்து அண்ணன் என்னைப் பாக்கறப்பல்லாம் கேக்கறாரு, என் தொழில்ல எனக்கு வந்த கம்ப்ளைண்ட்லயே கேக்க கேக்க இனிக்கறது அது ஒண்ணுதான்.